மதிய ஷிஃப்டின் சபாநாயகர்

என் வீட்டுக்காரர் செத்த அன்று வந்தவர்கள் எல்லாரும் ஒரே பல்லவியைத்தான் பாடினார்கள். சொன்ன சொல்லைக் காப்பாற்றிய மனுஷன், மனசாட்சிப்படி வாழ்ந்த மனுஷன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த மனசாட்சிதான் அவரைக் கொண்டுபோனது என்று ஒருத்தருக்கும் தெரியாது. அழுதுகொண்டே சண்டை போட முடியாது என்பதால் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். இரண்டு மாடிக்கு நடுவில் லிஃப்ட் நின்றுபோனால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். வெளியே நின்று வேலை பார்த்துக்கொண்டே உள்ளே மாட்டிக்கொண்டவர்களோடு பேச்சுக் கொடுப்பார். பால் விலையில் ஆரம்பித்து மந்திரிசபை வரைக்கும் போகும். கதவு திறக்கும்போது பயந்துபோயிருக்க வேண்டிய ஆட்கள் வாதாடிக்கொண்டே வெளியே வருவார்கள். பேச்சுதான் அவருக்குச் சாப்பாடு, தண்ணீர் எல்லாம்.

ஓட்டுப் போடுவதை மட்டும் விடமாட்டார். பெரிய தேர்தல், சின்னத் தேர்தல், தொழிற்சங்கத் தேர்தல் எதுவானாலும் குளித்து, சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு முதல் ஆளாகக் கிளம்பிவிடுவார். நான் பிரசவ வலியில் துடித்த அன்றுகூட ஆஸ்பத்திரியிலிருந்து நைசாக நழுவிப்போய் ஓட்டுப் போட்டுவிட்டு வந்தார். மகள் பிறந்தபோது அப்பன் வரிசையில் நின்றுகொண்டிருந்தார். அதை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

நானோ ஒரு தடவைகூடப் போட்டதில்லை. என் பெயர் பிறந்த ஊர்ப் பட்டியலிலேயே கிடந்தது. மாற்ற வேண்டும், மாற்ற வேண்டும் என்று சொல்லியே காலம் போனது. உண்மையைச் சொன்னால், யார் வந்தாலும் என் கையில் இருக்கும் கரண்டி கரண்டிதான் என்ற நினைப்பு. மாணவர் விடுதியில் சமையல் வேலை எனக்கு. ஆனால் பேசாமல் இருந்ததும் இல்லை. குழாயில் தண்ணீர் வராத காலைகளில் வாசலில் நின்று மேலே இருந்து கீழே வரைக்கும் எல்லாரையும் கிழிகிழியென்று கிழிப்பேன். உடனே உள்ளே இருந்து குரல் வரும்.

"ஓட்டுப் போடாதவளுக்கு என்ன பேச்சு? டிக்கெட் எடுக்காதவன் டிரைவரைத் திட்டலாமா?"

"பஸ் கவுந்தா டிக்கெட் எடுக்காதவனுக்கும் கால் உடையும் இல்ல? அப்ப கத்துவான்ல?"

"கத்தலாம். குத்தம் சொல்லக் கூடாது."

"ரெண்டுக்கும் என்னங்க வித்தியாசம்?"

முப்பது வருஷத்துக்கு மேல் இதே சண்டை. அவரும் விட்டுக்கொடுக்கவில்லை, நானும் விட்டுக்கொடுக்கவில்லை. சிரிப்பும் வரும், சில நாள் எரிச்சலும் வரும். ஒரு நாளாவது "நீ சொல்றது சரிதான்" என்று ஒரு வார்த்தை அந்த வாயிலிருந்து வந்ததில்லை.

பிறகு சிறுநீரகம் இரண்டும் கைவிட்டன. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். பக்கத்துத் தெரு ஆஸ்பத்திரியில் மதிய ஷிஃப்டில் இடம் கிடைத்தது. நாலு கட்டில், நாலு இயந்திரம், சுவரில் ஒரு டிவி. உள்ளே போகும்போது எடை பார்ப்பார்கள், முடித்து வெளியே வரும்போதும் பார்ப்பார்கள். நடுவில் நாலு மணி நேரம் கையை அசைக்காமல் படுத்திருக்க வேண்டும், ரத்தம் வெளியே போய்ச் சுத்தமாகி உள்ளே வரும் வரைக்கும். வேலையையும் விட்டாயிற்று, வாய்க்கு ருசியான சாப்பாட்டையும் விட்டாயிற்று, தண்ணீர்கூட அளந்துதான். மிச்சம் இருந்தது பேச்சு ஒன்றுதான்.

பக்கத்துக் கட்டிலில் ஒரு லாரி டிரைவர். எதிரே ரிட்டயர்டு டீச்சர் ஒருத்தர். மூலையில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண். ஊசியைப் பார்த்தாலே அழும். டிவியில் செய்தி ஓடும், லாரிக்காரர் கொதிப்பார். ஒரு நாள் இவர் கேட்டார்.

"தம்பி, போன தடவை ஓட்டுப் போட்டீங்களா?"

"எங்கண்ணே? லோடு ஏத்திக்கிட்டு வெளியூர்ல கெடந்தேன்."

"அப்ப அடுத்த தேர்தல் வரைக்கும் உங்களுக்குப் பேச்சு கெடையாது. உக்காருங்க."

"படுத்துக்கிட்டுதாண்ணே இருக்கேன்."

அழுமூஞ்சிப் பெண்கூடச் சிரித்தது. அன்றிலிருந்து அவருக்குச் சபாநாயகர் என்று பெயர் விழுந்தது. லாரிக்காரர் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால், "டீச்சர், என் சார்பா நீங்க கேளுங்க" என்பார். சிஸ்டர் வந்து அதட்டுகிற வரைக்கும் சட்டசபை நடக்கும். கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து நான் கேட்டுக்கொண்டிருப்பேன். இந்த மனுஷன் இப்படியே இன்னும் பத்து வருஷம் ஓட்டிவிடுவார் என்று நினைத்தேன்.

அடுத்த தேர்தல் அவருடைய டயாலிசிஸ் நாளில் வந்து விழுந்தது. விடிந்ததும் கிளம்பிப் போனோம். அவர் வரிசையில் நின்றார், நான் மரத்தடியில் நின்றேன். உள்ளே ஓட்டு இயந்திரம் மக்கர் பண்ணியது. ஆள் வரும், சரி செய்வான் என்றார்கள். மதியம் வரைக்கும் வரிசை நகரவே இல்லை. காலில் நீர் கோத்து, நிற்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். சிஸ்டரிடமிருந்து போன் வந்தது. உடனே வராவிட்டால் அந்த இடத்தை அவசர கேஸுக்குக் கொடுக்க வேண்டியிருக்கும் என்று. அவர் முன்னால் பார்த்தார், பின்னால் பார்த்தார்.

"முடிச்சுட்டு சாயங்காலம் வந்துடலாம், வா" என்று அவரேதான் வரிசையை விட்டு வந்தார்.

சாயங்காலம் ரத்த அழுத்தம் படுத்துவிட்டது. கட்டிலிலிருந்து எழுந்து உட்கார்ந்ததும் கண் செருகிவிட்டது. சிஸ்டர் காலைத் தூக்கி வைத்துப் படுக்கவைத்தார். மயக்கம் தெளிந்ததும் முதலில் கடிகாரத்தைத்தான் பார்த்தார். வாக்குப்பதிவு முடிந்திருந்தது.

அதோடு அவர் வாய் அடைத்துப்போனது. முதலில் விளையாட்டு என்று நினைத்தேன். டிவியில் புது மந்திரிகள் உறுதிமொழி எடுத்தார்கள், விலை ஏறியது, லாரிக்காரர் வேண்டுமென்றே சீண்டினார். "சபாநாயகரே, தீர்ப்பு சொல்லுங்க." இவர் சிரித்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். வீட்டிலும் அதே கதை. தண்ணீர் வராத காலையில் நான் வாசலில் நின்று கத்தினேன். உள்ளே இருந்து சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தேன். கட்டிலில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பதில் வராதது எனக்கு என்னமோ போல் இருந்தது. கத்துவதை நிறுத்திவிட்டேன்.

"இதென்ன வீம்பு? நீங்களா வேணும்னு போடாம இருந்தீங்க? உடம்பு விடல" என்றேன்.

"லாரிக்காரரும் வேணும்னா போடாம இருந்தாரு? அவர் வாயை அடைச்சேன்ல. அவருக்கு ஒரு நியாயம், எனக்கு ஒண்ணா?"

"அது சும்மா தமாஷுங்க."

"நான் தமாஷுக்குச் சொல்லல" என்றார். அவர் சொன்னது நிஜம். அவருடைய வியாதியே அதுதான்.

மழைக்காலத்துக்கு முன்னால் செய்தி வந்தது. ஆள் பற்றாக்குறையாம். மதிய ஷிஃப்டை மூடிவிட்டு, இந்த நாலு பேரையும் பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றப்போகிறார்களாம். இரண்டு பஸ் மாறிப் போக வேண்டிய தூரம். டயாலிசிஸ் முடித்தால் பக்கத்துத் தெருவுக்கே என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பார். இரண்டு பஸ் எப்படி? மூடுவதற்கு முன்னால் நோயாளிகளின் கருத்தைக் கேட்க ஒரு அதிகாரி வருவார் என்று சிஸ்டர் ரகசியமாகச் சொன்னார். "நல்லா பேசுங்க அண்ணா. நீங்க பேசினா எடுபடும்" என்று இவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

அதிகாரி நல்ல மாதிரியான ஆள்தான். கட்டில் கட்டிலாக வந்தார். டீச்சர் அன்றைக்கு அரை மயக்கத்தில் கிடந்தார். மூலைப் பெண் கேள்வி கேட்டதும் அழுதது. லாரிக்காரருக்குக் கோபம் வந்தால் கெட்ட வார்த்தைதான் வரும், அது தெரிந்து பல்லைக் கடித்துக்கொண்டு, "அண்ணன் பேசுவாரு சார். அவர் சொல்றதுதான் எங்களுக்கும்" என்றார். எல்லாரும் இவரைப் பார்த்தார்கள்.

"சொல்லுங்கய்யா" என்றார் அதிகாரி.

இவர் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டார். பேசப்போகிறார் என்றுதான் நினைத்தேன். வாசலில் நின்று சாமியைக் கும்பிட்டேன்.

"அரசாங்கம் எடுக்கிற முடிவு சார். நான் இந்தத் தடவை ஓட்டுப் போடல. எனக்குச் சொல்ல ஒண்ணும் இல்ல."

அதிகாரிக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. "ஓட்டுக்கும் இதுக்கும் என்னய்யா சம்பந்தம்? உங்களுக்குக் கஷ்டம் இருந்தா சொல்லுங்க" என்றார். இவர் தலையை ஆட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. செருப்புக் காலோடு உள்ளே போனேன். "சார், நான் சொல்றேன். இவரால ரெண்டு பஸ் ஏறி எறங்க முடியாது சார். செத்துப்போயிடுவாரு."

"நீங்க பேஷண்டா?"

"அவர் சம்சாரம்."

"பேஷண்ட் சொல்றதைத்தாம்மா நான் மேல சொல்ல முடியும்" என்றார். சிஸ்டர் என் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தார். நோயாளிகள் தரப்பில் ஆட்சேபணை இல்லை என்று முடிவாகி, மதிய ஷிஃப்டை மூடினார்கள்.

அன்று வீட்டுக்கு வந்து நான் பேசாத பேச்சில்லை. "உங்க நாக்கு உங்க சொந்தச் சொத்துன்னு நெனச்சீங்களா? அந்தப் பொண்ணு, டீச்சர், லாரிக்காரர், நான், எல்லாரும் அதைத்தானே நம்பிக்கிட்டு நின்னோம்" என்று கேட்டேன். அவர் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்தார். சாப்பிடவில்லை.

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்வர ஆரம்பித்தோம். போகும்போது பரவாயில்லை. வரும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்காவிட்டால் என் மேல் சாய்ந்தபடியே நிற்பார். டீச்சர் இரண்டு வாரத்தில் வருவதை நிறுத்திவிட்டார். ஒரு நாள் கேண்டீனில் லாரிக்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அக்கா, அண்ணன்கிட்ட சொல்லாதீங்க. இதே மாதிரி இன்னொரு ஆஸ்பத்திரியிலயும் மூடுறதா இருந்துச்சாம். அங்க பேஷண்டா இருக்கிற ஒரு அம்மா அதே அதிகாரியை உக்கார வெச்சு, கேக்காத கேள்வியெல்லாம் கேட்டுச்சாம். அங்க மூடல. இன்னும் நடக்குது. அந்தம்மா ஓட்டுப் போட்டுச்சா போடலையான்னு யாரும் கேக்கலக்கா."

இவரிடம் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது?

மழை பிடித்துக்கொண்டது. சாலையில் தண்ணீர் ஏறி பஸ் நின்றது. வாடகை வண்டிக்காரன் ஒருத்தனும் வரமாட்டேன் என்றான். ஒரு டயாலிசிஸ் தவறிப்போனது. அடுத்ததற்குள் அவருக்கு மூச்சு முட்ட ஆரம்பித்துவிட்டது. படுக்க முடியவில்லை, உட்கார்ந்தே இருந்தார். ஒரு மத்தியானம் உதடு நீலமாகப் போனதும் பக்கத்து வீட்டுக்காரர் தன் வண்டியில் வைத்துப் பக்கத்துத் தெரு ஆஸ்பத்திரிக்கே கொண்டுவந்துவிட்டார்.

டயாலிசிஸ் வார்டு பூட்டியிருந்தது. காலை ஷிஃப்டோடு சரி. இயந்திரத்தை ஓட்டத் தெரிந்தவர்கள் மதியம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுகிறார்கள். டியூட்டி டாக்டர் ஆக்சிஜன் வைத்து, ஊசி போட்டு, ஆம்புலன்ஸுக்குச் சொன்னார். தண்ணீரைச் சுற்றிக்கொண்டு வர நேரமாகும் என்றார்கள். ஸ்ட்ரெச்சரைச் சாய்த்து வைத்து, அதில் அவரை உட்காரவைத்து, அந்த வார்டு வாசலிலேயே காத்திருந்தோம். கதவின் கண்ணாடி வழியாக நாலு இயந்திரமும் தெரிந்தன. அவரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். முகமூடியை விலக்கினார்.

"நான் அன்னைக்குப் பேசியிருந்தா இது தெறந்திருக்குமா?"

அவர் கண்ணில் இருந்த பயம் சாவுக்கான பயம் இல்லை. எனக்குத் தெரியும். அந்த மூன்று பேரையும் நினைத்துக்கொண்டிருந்தார்.

என் ஆயுள் முழுக்க அவரோடு நான் சண்டை போட்டது, யாரானாலும் வாயைத் திறந்து பேசினால் அதற்கு ஒரு பலன் உண்டு என்றுதான். அது உண்மை என்பதற்குச் சாட்சியும் என்னிடம் இருந்தது.

"தெறந்திருக்காதுங்க" என்றேன். "அவங்க முன்னாடியே முடிவு பண்ணிட்டுதான் வந்தாங்க. நீங்க என்ன பேசியிருந்தாலும் மூடித்தான் இருப்பாங்க. நம்ம பேச்சையெல்லாம் யார் கேக்குறா?"

அவர் என் முகத்தையே பார்த்தார்.

"ஆமா, நீ சொல்றது சரிதான்" என்றார்.