மச்சானின் நோய்க்கு ஒரு பெயர்

ஸ்கிசோஃப்ரினியா என்ற சொல்லை நான் முதலில் பார்த்தது ஹட்டனில் இரவல் வாங்கிய ஒரு மருத்துவப் புத்தகத்தில். அறிகுறிகளைப் படித்து முடித்தபோது பாதி எங்கள் தலைமையாசிரியருக்குப் பொருந்தின, மீதி எனக்கு. தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்து உதவி வாத்தியாருக்கு அந்த அளவு படிப்பே அதிகம். ஆனால் நான் விளையாட்டுக்குப் படிக்கவில்லை. மறுநாள் அக்கா புருஷனை ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டியிருந்தது.

மச்சான் மூன்று மாதமாக வேலைக்குப் போகவில்லை. "என்னைப் பத்தி விசாரிக்கிறாங்க, என் பேர்ல ஃபைல் இருக்கு" என்று லயத்து வரிசை வீட்டின் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தார். மாதம் ஒருமுறை வரும் மனநோய் டாக்டர் இது அந்த நோய்தான் என்று எழுதிவிட்டால் கொழும்பு மனநோய் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே போனவர்கள் திரும்புவதில்லை என்று லயத்தில் பேச்சு. அக்கா இரண்டு நாளாகப் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

டாக்டருக்குத் தமிழ் தெரியாது. மச்சானுக்கு இங்கிலீஷ் தெரியாது. இரண்டும் தெரியும் என்று ஊரை நம்பவைத்திருந்த நான் நடுவே நின்றேன். டாக்டர் கையில் அறிகுறிக் கேள்விகள் அச்சடித்த படிவம்.

"யாராவது உங்களைக் கண்காணிக்கிறார்களா?"

"ஆமாங்க. போன மாசம்கூட ஒரு ஆபீசர் பக்கத்து வீட்டுக் காம்பராவுல வந்து கேட்டாரு, எங்கப்பா எங்க பொறந்தாருன்னு."

டாக்டர் ஒரு கோடு போட்டார். "யார் அனுப்பினார்கள்?"

"கவுருமெண்டுங்க."

இன்னொரு கோடு. "நீங்கள் எந்த நாட்டவர்?"

மச்சான் நிதானமாக யோசித்தார். "இன்னும் முடிவு வரலைங்க."

கோடு போடுகிற வேகத்தைப் பார்த்து நான் குறுக்கே புகுந்தேன். "டாக்டர், இதெல்லாம் நிஜம்" என்றேன். இந்தியாவிலிருந்து வந்த தோட்டத்துக் குடும்பங்களில் இலங்கைப் பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டவர்களுக்கெல்லாம் ஃபைல் உண்டு, விசாரிக்க ஆபீசர் லயத்துக்கே வருவார் என்று விளக்கினேன்.

"உங்களுக்கும் ஃபைல் இருக்கிறதா?"

"இருக்கிறது."

"நீங்கள் எந்த நாடு?"

"எனக்கும் முடிவு வரவில்லை, டாக்டர்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பேனா என் பக்கம் திரும்பிவிடுமோ என்று அரை அடி பின்னால் நகர்ந்தேன். அவரோ போட்ட கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இந்தக் கேள்விகளை வைத்தால் தோட்டம் முழுவதையும் அனுப்ப வேண்டும் போலிருக்கிறதே" என்றார்.

அந்த நேரம் பார்த்து அக்கா என் காதோரம் வந்தாள். "தம்பி, நான் சோத்துல வெஷம் வைக்கிறேன்னு சொல்றாருடா. என் கையால குடுத்தா தொடவே மாட்டேங்கிறாரு. அதையும் சொல்லு."

அதற்குப் பிரஜாவுரிமைச் சட்டத்தில் விளக்கம் இல்லை.

"என்ன சொல்கிறார்?" என்றார் டாக்டர்.

"எப்போது வீட்டுக்குப் போகலாம் என்று கேட்கிறார்" என்றேன்.

டாக்டர் அந்த நீளமான பெயரை எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு, மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார். நேர்மையான மனிதர். தெரியாததைத் தெரியாது என்று எழுதினார். தெரிந்ததை மறைத்தவன் நான்.

பஸ்ஸில் அக்கா கேட்டாள்: "சோத்து விஷயத்தைச் சொன்னியா?"

"சொன்னேன்க்கா. பெருசு பண்ண வேணாம்னுட்டாரு."

அன்று முதல் அக்கா ஒவ்வொரு வேளையும் முதல் வாயைத் தானே தின்று காட்டிவிட்டுத் தட்டை நீட்டினாள். டாக்டரே சொல்லிவிட்டாராம், அந்தத் தைரியம். சாப்பாட்டு நேரத்தில் அந்த லயத்துப் பக்கம் போவதை நான் நிறுத்திக்கொண்டேன்.