கையெழுத்துப் போடாத ரிப்போர்ட்

மும்பை செம்பூரில் ஒரு ஸ்கேன் சென்டரில் படங்களைப் பார்த்து ரிப்போர்ட் எழுதும் டாக்டர் நான். நோயாளிகளின் முகத்தை அபூர்வமாகத்தான் பார்ப்பேன். அவர்களுடைய நெஞ்சும் முதுகெலும்பும்தான் எனக்குப் பழக்கம். ஒரு படம் முடியும்போதே அடுத்தது திரையில் வந்து நிற்கும். கண் எரிந்தால் சொட்டு மருந்து விட்டுக்கொள்ளலாம். மூளை களைத்தால் அது நமக்கே தெரிவதில்லை.

அன்று மதியம் தெரிந்துவிட்டது. தாராவியிலிருந்து வந்த ஒரு ஸ்கூல் வேன் டிரைவரின் நெஞ்சு சி.டி. ஸ்கேன். நாள்பட்ட இருமல். படங்களை மேலிருந்து கீழ்வரை ஓட்டிவிட்டு, 'நுரையீரலில் குறையேதும் இல்லை' என்று டைப் செய்தேன். கையெழுத்துப் போடும் முன் என்னையே கேட்டுக்கொண்டேன்: இடது நுரையீரல் எப்படி இருந்தது? ஞாபகமே இல்லை. மறுபடி ஓட்டினேன். பாதியில் மனம் மாட்டுங்கா மார்க்கெட்டில் கறிகாய் வாங்கிக்கொண்டிருந்தது. விரல் மட்டும் மவுஸை உருட்டியது.

டைப் செய்ததை அழித்துவிட்டு எழுந்தேன்.

சென்டர் முதலாளியும் டாக்டர்தான். "சார், இன்னிக்கு இதுக்கு மேல நான் பார்க்கலை" என்றேன்.

"ஏம்மா, ஜுரமா?"

"இல்லை. மூளை ஓடலை."

"வெளியில பப்ளிக் உட்கார்ந்திருக்கு. ஒரு சாய் குடிச்சுட்டு வா."

"குடிச்சாச்சு சார். நான் பார்க்காத படத்துக்கு என் பேரைப் போடமாட்டேன்."

"அப்போ அவங்ககிட்ட நீயே போய்ச் சொல்லு" என்றார் கோபமாக.

போனேன். டிரைவரின் மனைவி பதறிவிட்டாள். "நாளைக்கா? அவுக லீவு போட்டுல்லா வந்திருக்காவ! பெரிசா என்னமும் இருக்கா? மறைக்காம சொல்லுங்கம்மா."

"மறைக்க ஒண்ணுமில்லைம்மா. ரொம்பக் களைச்சுட்டேன். இப்ப பார்த்தா தப்பாப் பார்த்துடுவேன். காலைல முதல்ல உங்களோடதைத்தான் பார்ப்பேன்."

"இது என்ன சென்டரோ" என்று முணுமுணுத்தாள் அவள். டிரைவர்தான் எழுந்தார். "ஏளா, வா, போவோம். புள்ளையள ஏத்திக்கிட்டு நான் கண்ணசந்தா சும்மா விடுவாவளா?"

அன்றிரவு நன்றாகத் தூங்கினேன். காலையில் அவர் படங்களை ஒவ்வொன்றாக நகர்த்தினேன். இடது நுரையீரலில், இதயத்துக்குப் பின்னால், பட்டாணி அளவில் ஒரு முடிச்சு. ரத்தக்குழாய் என்று நினைத்துத் தாண்டிப் போய்விடக்கூடிய இடம். அளந்து எழுதி, அவரை அனுப்பிய டாக்டருக்கு நானே போன் செய்தேன்.

சோதித்ததில் அது புற்றுநோய்தான் என்று தெரிந்தது; பரவவில்லை. ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். இருமலுக்குக் காரணம் அதுவல்லவாம். சில மாதங்களில் அவர் மறுபடி வேன் ஓட்டப் போனார் என்று அந்த டாக்டர் சொன்னார்.

ஆனால் அதுவரை காத்திராமல், முடிச்சு தெரிந்த அன்று காலையே நான் முதலாளியின் அறைக்குப் போய்விட்டேன். நடுநடுவே இடைவெளி வேண்டும், சிக்கலான படங்களைக் காலையில்தான் பார்ப்பேன், களைத்தால் நிறுத்திவிடுவேன் என்றேன்.

"பக்கத்து சென்டர்ல உடனே ரிப்போர்ட் தர்றான்."

"அப்படின்னா வேற ஆள் பார்த்துக்கோங்க சார்."

பல நாள் அவர் என்னோடு பேசவில்லை. பிறகு மதியத்துக்கு இன்னொரு டாக்டரைச் சேர்த்தார். இன்றும் சில நாள், நான் இடைவெளிக்கு எழும் நேரம் பார்த்து, 'அர்ஜென்ட்' என்று ஒரு படத்தை அனுப்புவார். அது உயிர் போகும் அவசரமா என்று மட்டும் கேட்பேன். இல்லையென்றால், செருப்பை மாட்டிக்கொண்டு வெயிலில் ஒரு நடை போய்விட்டு வருகிறேன்.