பதறாத குரல்

ஆம்புலன்ஸுக்குப் போன் செய்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் முதலில் அலறுவார்கள். முகவரி சொல்ல மறந்துவிடுவார்கள். அந்த அலறலை வாங்கிக்கொண்டு, "எங்க இருக்கீங்க, சொல்லுங்க. மூச்சு விடுறாரா, பாருங்க" என்று கேட்பதுதான் அவளுக்கு வேலை. கண்ணாடி அறைக்குள் வரிசையாக நாற்காலிகள், ஆளுக்கொரு ஹெட்போன், முன்னால் ஒரு திரை. சும்மா சொல்லக்கூடாது, அந்த அறையில் அவளை மிஞ்ச ஆளில்லை. எதிர்முனையில் உயிரே போய்க்கொண்டிருந்தாலும் குரல் ஏறாது, இறங்காது.

அந்தக் குரல்தான் அவளைக் காப்பாற்றியது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒவ்வொரு அழைப்புக்கும் பதறுவாள், சாப்பாடு இறங்காது. குரலை இறுக்கிப் பிடித்தால் மனசும் அடங்குகிறது என்று ஒரு நாள் கண்டுகொண்டாள். பிடித்தது பிடித்ததுதான், அப்புறம் விடவே இல்லை. ஹெட்போனோடு சேர்த்து அதையும் கழற்றி வைத்துவிட்டு வந்திருக்கலாம். வீட்டுக்கும் கொண்டுவந்தாள், அதுதான் வினை.

"இந்தக் கல்லுளிமங்கியைக் கட்டிக்கிட்டு நான் படுற பாடு இருக்கே!" என்பான் கணவன். பெயின்டர், எதற்கெடுத்தாலும் வானத்துக்கும் பூமிக்கும் குதிக்கிற ஆள். அவன் கிண்டல் செய்தே சமாளித்துவிட்டான். மகளால் முடியவில்லை. உயிர்த்தோழி பேச மாட்டேன் என்கிறாள் என்று தேம்பிக்கொண்டு வந்த பிள்ளையிடம், "சரி, அழுகையை நிறுத்து. எப்ப நடந்துச்சு? பக்கத்துல யார் இருந்தாங்க?" என்று விசாரணை வைத்தால்? என்ன, பஸ்ஸா கவிழ்ந்துவிட்டது? கொஞ்சம் கொஞ்சமாக மகள் எதையும் சொல்வதை நிறுத்திக்கொண்டாள். கேட்டால் "ஒண்ணுமில்ல" என்பாள். பிள்ளைக்குப் பக்குவம் வந்துவிட்டது என்று தாய்க்காரி மெச்சிக்கொண்டாள். என்னத்தைச் சொல்ல!

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பக்கத்து நாற்காலிக்காரி ஓர் அழைப்பை முடித்துவிட்டு வண்டியையும் அனுப்பிவிட்டுத் திரும்பினாள்.

"அக்கா, இப்ப ஒரு ஸ்கூல் பொண்ணு பேசுச்சு. அப்பா ஏணியிலேர்ந்து விழுந்து மயங்கிட்டாராம். முகவரி, அடையாளம், மூச்சு இருக்கா இல்லையா, எல்லாத்தையும் நான் கேக்குறதுக்கு முன்னாடியே சொல்லிடுச்சு. கொஞ்சம்கூடப் பதட்டமில்ல. உங்களை அப்படியே உரிச்சு வெச்ச மாதிரி!"

சிரித்துக்கொண்டே பக்கத்துத் திரையை இவள் எட்டிப் பார்த்தாள். தன் வீட்டு முகவரி.

ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். கண் முழித்துவிட்டார், இனி பயமில்லை என்று டாக்டர் சொன்னார். மகள் வராந்தா பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். சட்டை முன்பக்கமெல்லாம் அப்பாவின் ரத்தம்.

"பயந்துட்டியாடி?"

"பயந்து என்ன ஆகப் போகுது? நேரம்தான் வீணாகும். நான் நல்லாத்தான் இருக்கேன். நீ வேலையை முடிச்சுட்டே வந்திருக்கலாம்."

அந்தக் குரலை எதிரில் உட்கார்ந்து கேட்டால் எப்படி இருக்கும் என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. இந்தப் பிள்ளை இனி யாரிடமும் அழவே மாட்டாளோ? பாவி, நானே இவளை இப்படி ஆக்கிவிட்டேனே!

"எனக்குப் பயமா இருந்துச்சுடி" என்றாள். "முகவரியைப் பாத்ததும் கைகாலெல்லாம் உதறிடுச்சு. டாக்சிக்காரர்கிட்ட எந்த ஆஸ்பத்திரின்னு சொல்லக்கூட வாய் வரல."

மகள் யாரோ புது ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். "உனக்கா?"

"எனக்குத்தான். இன்னும் உதறுது, பாரு."

நீட்டிய கையை மகள் பிடித்துப் பார்த்தாள். நிஜமாகவே உதறிக்கொண்டிருந்தது. பிடித்த கையை விடவில்லை.

"அப்பா செத்துட்டாருன்னே நெனச்சேம்மா…" சொல்லும்போதே வாய் கோணிக்கொண்டது. அப்புறம் ஓவென்று அழ ஆரம்பித்தாள். அழாதே என்று தாய்க்காரி சொல்லவில்லை. சொல்கிற நிலையிலும் இல்லை.

"மெதுவா, மெதுவா! இது ஆஸ்பத்திரிம்மா" என்று நர்ஸ் வந்து அதட்டினாள். யார் கேட்டார்கள்?