பற்றாத கரி

மன்னாரில் அமிர்தநாயகத்துக்கு ஊர் கொடுத்த பட்டம் 'மாட்டு மாப்பிள்ளை'. பசுக்களுக்குச் சினையூசி போடுகிற அரசாங்க உத்தியோகத்துக்கு வேறென்ன பட்டம் கிடைக்கும்? மனுசன் கோபிக்கமாட்டார். காளையின் விந்தணுவைக் கெடாமல் குளிரில் வைத்திருக்கும் திரவ நைதரசன் குடுவையை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு பெரியமடு வரைக்கும் முப்பது வருடம் ஓடினார். அந்தத் திரவத்தில் ஒரு சொட்டைக்கூட வீட்டுக்காரியத்துக்கு எடுத்ததில்லை, ஒரேயொரு நாளைத் தவிர.

அன்றைக்கு மகள் பெற்றிசியா கம்பஸ் லீவில் வந்திருந்தாள். பௌதிகம் படிக்கிறவள். மீன்பெட்டித் துண்டொன்றில் கறுத்த வில்லையை வைத்து, "ஊத்துங்கோ அப்பா" என்றாள். புகை அடங்க, அதற்கு மேலே சின்னக் காந்தம் ஒன்றை விட்டாள். காந்தம் வில்லையில் முட்டாமல் அந்தரத்தில் நின்றது. அவர் சிலுவை போட்டுக்கொண்டார்.

"பேய்வேலை இல்லையப்பா. நல்லாக் குளிர்ந்தா இந்த வில்லை காந்தத்தைக் கிட்ட அண்டவிடாது. சூடேறினா கைவிட்டிடும்."

சொன்னபடியே காந்தம் மெல்ல இறங்கியது. சந்தைக்குப் போயிருந்த தாய்க்கு அடுத்த லீவில் காட்டுவதாகச் சொல்லி, இரண்டையும் செபம் சொல்லும் சுருபத் தட்டிலிருந்த தகரப் பேணிக்குள் போட்டாள்.

அடுத்த லீவுக்குக் கொழும்பில் பஸ் ஏறியவள் வந்து சேரவில்லை. அது 2008, சண்டைக்காலம். வழியில் யாரோ இறக்கியதாக ஒருவர் சொன்னார், அவ்வளவுதான். அமிர்தநாயகம் ஏறி இறங்காத கந்தோர் இல்லை. மரணச் சான்றிதழ் எடுக்கச் சொன்னவர்கள்மேல் எரிந்து விழுந்தார். மனைவி அன்ரோனெற் மகளின் படத்தைப் பிடித்தபடி பக்கத்தில் நிற்பாள்.

எட்டு வருடம் கழித்துப் பென்சனில் போகிற நாளன்று, குடுவையின் அடியில் மிஞ்சியதை வெளியே ஊற்றச் சொன்னார்கள். அவர் அதைப் பிளாஸ்கில் வீட்டுக்குக் கொண்டுவந்தார். காந்தம் எழும்பினால் பிள்ளை உயிரோடு இருக்கிறாள் என்று மனதுக்குள் ஒரு கணக்கு. படித்த மகளைப் பெற்றவருக்கு இந்த விசர்த்தனம் தேவையா? ஆனால் பாவம், அவரிடம் வேறொன்றும் மிஞ்சியிருக்கவில்லை.

பேணிக்குள் காந்தம் இருந்தது. வில்லைதான் ஒன்றுக்கு மூன்றாக இருந்தது. முதலாவதில் காந்தத்தை வைத்து ஊற்றினார். காந்தம் கிடந்த இடத்திலேயே கிடந்தது. இரண்டாவதிலும் அப்படித்தான். மூன்றாவதோடு நைதரசன் முடிந்தது.

"அன்ரோனெற்! இதுக்குள்ள பிள்ளை வைச்ச வில்லை எங்க?"

அவள் வந்து எட்டிப் பார்த்தாள். "இது நான் வாங்கி வைச்ச சாம்பிராணிக் கரி வில்லையெல்லே? ஓ... முந்தி ஒண்டு பாரமாக் கிடந்தது. எவ்வளவு ஊதியும் பத்தேல்ல. பழுதெண்டு குப்பைக்க போட்டிட்டன்."

"எப்ப?"

"ரெண்டாம் வருசத் திவசத்தண்டு."

சொன்ன பிறகுதான் வாயைப் பொத்தினாள்.

"ஆரின்ர திவசம்?"

அவள் நிலத்தைப் பார்த்தாள். "வருசா வருசம் பூசை குடுக்கிறனான். உங்களுக்குச் சொல்ல மனம் வரேல்ல."

அவர் ஏசவில்லை. பனி படர்ந்த கரிகளை முற்றத்து வெயிலில் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே குந்தியிருந்தார். பின்னேரம் அவை காய்ந்ததும் நெருப்புப்பெட்டியும் சாம்பிராணியும் கேட்டார்.

முதல் குச்சியிலேயே கரி பற்றிக்கொண்டது.