கரையில் நிற்கும் வேலை

போன செவ்வாய்க்கிழமை வகுப்பில் புதிதாக ஒரு அம்மா சேர்ந்தார். அறுபது வயது இருக்கும். இரண்டு முட்டியிலும் வலி. மார்பளவு தண்ணீரில் கம்பியைப் பிடித்தபடி நின்று, கரையில் நின்ற என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“ஏன் மிஸ், நீங்க எறங்க மாட்டீங்களா?”

“மாட்டேங்க.”

“நீச்சல் தெரியாதா?”

“தெரியும்.”

“அப்புறம் இன்னா... சளி புடிச்சிக்குமா?”

மற்ற பெண்கள் சிரித்தார்கள். ஒருத்தி, “மிஸ்ஸுக்கு மேக்கப் கலைஞ்சிடும்மா” என்றாள். என் முகத்தில் மேக்கப்பா? நானும் சிரித்துவிட்டேன். “கையை நீட்டுங்க” என்று சொல்லி வகுப்பை ஆரம்பித்தேன்.

அந்த அம்மாவுக்குப் பதில் சொல்லவில்லை. கொஞ்சம் நீளமான பதில். எனக்கு நீளமாகப் பேச வராது. எழுத வருகிறது.

இந்தப் பக்கத்தை வழக்கமாகப் படிப்பவர்களுக்கு என்னைத் தெரியும். மற்றவர்களுக்கு இரண்டு வரி. விழுப்புரத்தில் ஒரு தனியார் நீச்சல் குளம். அங்கே பெண்கள் உடை மாற்றும் அறை என் பொறுப்பில் இருந்தது. சாவி கொடுப்பேன். ஈரத் தரையைத் துடைப்பேன். மறந்துவிட்டுப் போன கொலுசை எடுத்து வைப்பேன். ஆறு வருஷம். படிப்பு எட்டாவது.

அந்த ஆறு வருஷமும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இறங்கியதில்லை. வேலை செய்கிறவர்கள் இறங்கக் கூடாது. சுவரில் போர்டு இருக்கிறது.

அதற்கு முன்னால் இருபத்தெட்டு வருஷமும் இறங்கியதில்லை.

காணைப் பக்கம் எங்கள் ஊர். கரும்புக் கொல்லையில் ஒரு கிணறு. எங்களுடையது இல்லை — எங்களுக்கு ஏது நிலம்? மோட்டார் ஓடாத நேரம் பார்த்துக் குதிப்போம். பதின்மூன்று வயதில் பெரியவளானேன். தலைக்குத் தண்ணீர் ஊற்றி வீட்டுக்குள் அழைத்தார்கள். அன்றைக்கே அம்மா சொல்லிவிட்டார்.

“இனிமே கெணத்துப் பக்கம் பார்த்தேன்னு வையி, காலை ஒடிச்சிடுவேன்.”

ஒரு குடம் தண்ணீரைத் தலையில் ஊற்றினார்கள். ஒரு கிணற்றுத் தண்ணீரை எடுத்துக்கொண்டார்கள்.

அந்த ஊருக்குத் திரும்பிப் போகும் ஆசையெல்லாம் எனக்குக் கிடையாது. அந்தக் கிணறும் வேண்டாம். காலுக்குக் கீழே தரை இல்லாமல் இருப்பது... அது மட்டும் வேண்டும். தினமும் வேண்டும்.

போன வருஷம் ஓனர் கூப்பிட்டார். முட்டி வலி, இடுப்பு வலி உள்ள பெண்களுக்குத் தண்ணீர் உடற்பயிற்சி வகுப்பு ஆரம்பிக்கப் போகிறாராம்.

“திண்டிவனத்துல ஒரு பொண்ணு டிரெய்னிங் குடுக்குது. நாலு ஞாயித்துக்கெழமை. நீ போறியாம்மா?”

“போறேங்க.”

“கடைசி வாரம் டெஸ்ட்டு. பாஸ் பண்ணலைன்னா பாண்டிலேர்ந்து ஒரு ஆளை வச்சிக்குவேன். உன் பழைய வேலை உனக்கு இருக்கும்.”

அவர் சொன்னது பாதிதான் காதில் விழுந்தது. வகுப்பு எடுத்தால் தினமும் தண்ணீரில் இறங்கலாம் — நான் நினைத்தது அது ஒன்றுதான்.

முதல் ஞாயிறு, காலை ரயில். டிரெய்னர் பெயர் ஜெனிபர். இருபத்தாறு வயது. படிக்க வந்தவர்கள் ஏழு பேர். மற்ற ஆறு பேரும் ஜிம்மில் வேலை, பிசியோதெரபி படிப்பு என்று இருந்தார்கள். அவர்கள் நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தார்கள். நான் நோட்டே கொண்டு போகவில்லை.

“மொதல்ல எல்லாரும் எறங்குங்க. உடம்புக்குத் தெரிஞ்சாதான் வாய்க்கு வரும்” என்றாள் ஜெனிபர்.

டி-ஷர்ட், லெகிங்ஸ். ஏணிப் படி. ஒன்று, இரண்டு, மூன்று... நாலாவது படியில் உடம்பின் கனம் போய்விட்டது. முப்பத்து நாலு வருஷம் கழித்து.

“அக்கா, வாயை மூடுங்க. தண்ணி உள்ள போயிடும்.”

சிரித்துக்கொண்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் தெரிந்தது.

தண்ணீருக்குள் நடந்தோம். முட்டியைத் தூக்கினோம். கையால் தண்ணீரைத் தள்ளினோம். நாற்பது நிமிஷம். எல்லோரும் ஏறிய பிறகும் நான் ஏறவில்லை. ஜெனிபர் விசில் ஊதினாள்.

அடுத்த ஞாயிறு வரை ஆறு நாளும் எப்படிப் போயின என்று கேட்காதீர்கள்.

இரண்டாவது ஞாயிறு. நேராக ஏணிக்குப் போனேன்.

“அக்கா, எங்க போய்க்கினு இருக்கீங்க? மேல வாங்க. டீச்சர் எடம் இதான்.” கரையைக் காட்டினாள்.

“இன்னிக்கு எறங்க வேணாமா?”

“இனிமே எறங்கவே வேணாம். நீங்க தண்ணிக்குள்ள நின்னா அவங்களுக்கு உங்க தலைதான் தெரியும். கால் இன்னா பண்ணுதுன்னு எப்பிடித் தெரியும்? யாராச்சும் தடுமாறினா நீங்க எப்பிடிப் பார்ப்பீங்க?”

“அப்ப... எப்பதான் எறங்கறது?”

“கிளாஸ் எடுக்கறவங்க எறங்கக் கூடாதுக்கா. அதான் மொத ரூலு.”

சரி என்றேன்.

அன்று திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரை நின்றுகொண்டே வந்தேன். ரயிலில் சீட் காலியாகத்தான் இருந்தது.

வீட்டுக்காரர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, “கரையில நின்னு கையை ஆட்டறதுக்கா அம்மாம் தொலைவு போற? நம்ம ஸ்டாண்டுல வந்து ஆட்டு. நாலு சவாரியாவது ஏறும்” என்றார்.

விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். மறுநாள் வேலைக்குப் போனேன். உடை மாற்றும் அறையின் வாசலில் நின்று பார்த்தேன். அங்கிருந்து தண்ணீர் முப்பது அடி தூரம். கரையில் நின்றால் ஒரு அடி.

மூன்றாவது ஞாயிறும் போனேன்.

அன்று நிஜ மாணவிகள். திண்டிவனத்துப் பெண்கள் பத்துப் பேர். ஒரு அம்மா நைட்டியோடு இறங்கிவிட்டார். நைட்டி காற்றை வாங்கி பலூன் மாதிரி மேலே வந்துவிட்டது. அவர் அதை அமுக்க, அது இன்னொரு பக்கம் கிளம்ப, பாதி வகுப்பு சிரித்தே போனது. மீதிப் பாதியை நான் கெடுத்தேன்.

நட என்று காட்டினேன். கரையில் நடந்து காட்டினேன். வேகமாக, சுறுசுறுப்பாக. கை வீசினேன். பார்ப்பதற்கு நன்றாகத்தான் இருந்திருக்கும். ஐந்து நிமிஷத்தில் தண்ணீருக்குள் எல்லோரும் மூச்சு வாங்கினார்கள். ஒருத்தி நின்றேவிட்டாள்.

“மிஸ், ஜல்தி ஜல்தின்னா எங்க போறது? நாங்க இன்னா பஸ்ஸா புடிக்கிறோம்?”

ஜெனிபர் என்னைத் தனியாக அழைத்துப் போனாள். திட்டவில்லை.

“அக்கா, நீங்க காத்துல நடக்கறீங்க. அவங்க தண்ணியில நடக்கறாங்க. காத்து வழி விடும். தண்ணி விடாது. உங்களைச் சுத்தியும் தண்ணி இருக்கற மாதிரி நெனச்சிக்கினு செய்யுங்க. இது எல்லாருக்கும் வராது. ரொம்பக் கஷ்டம்.”

கஷ்டமா? தண்ணீர் இல்லாத இடத்தில் தண்ணீரில் இருப்பதாக நினைப்பது?

முப்பத்து நாலு வருஷமாக நான் வேறு என்ன செய்துகொண்டிருந்தேன்?

அந்த வாரம் தினமும் காலையில் வீட்டு நடையில் பழகினேன். காலைத் தூக்கும்போது தொடையில் தண்ணீர் அழுத்தும். கையை விரிக்கும்போது உள்ளங்கையில் எதிர்க்கும். இறக்கும்போது மெல்ல ஏந்திக்கொள்ளும். எதையும் கற்பனை செய்ய வேண்டியிருக்கவில்லை. உடம்பு எதையும் மறக்கவில்லை.

பல் தேய்த்துக்கொண்டே வந்த வீட்டுக்காரர் அப்படியே நின்றுவிட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டு, மெதுவாக, இரண்டு கையையும் விரித்து அசைந்துகொண்டிருந்தேன்.

“இன்னாடி... மேல்மலையனூருக்கு இட்டுக்கினு போவட்டா?”

பேய் பிடித்தவர்களை அமாவாசைக்கு அங்கேதான் கூட்டிப் போவார்கள்.

“அமாவாசைக்கு இன்னும் நாள் இருக்குது. கம்முனு போ” என்றேன்.

நாலாவது ஞாயிறு, டெஸ்ட். ஆறு பேரும் எனக்கு முன்னால் முடித்தார்கள். நன்றாகப் பேசினார்கள். இங்கிலீஷில் தசைகளின் பெயரெல்லாம் சொன்னார்கள். ஆனால் தண்ணீருக்குள் இருக்கும் பெண்களுக்குப் பாதி கேட்கவில்லை. குளத்தில் சத்தம் எதிரொலிக்கும். கையால்தான் பேச வேண்டும். எனக்கு இது சுலபம். வீட்டிலும் பாதி நாள் அப்படித்தான்.

கரையில் நின்றேன். பத்துப் பெண்களையும் பார்த்தேன். கையைத் தூக்கினேன். கழுத்து வரை தண்ணீர் ஏறியது. எனக்கு மட்டும் தெரிந்த தண்ணீர்.

அவர்கள் என்னோடு வந்தார்கள். ஒருத்திக்கும் மூச்சு வாங்கவில்லை. பஸ் பிடிக்கிறோமா என்று கேட்டவள் இந்த முறை வாயே திறக்கவில்லை. நைட்டி அம்மா லெகிங்ஸில் இருந்தார்.

முடிந்ததும் ஜெனிபர் பேப்பரில் கையெழுத்துப் போட்டாள்.

“அக்கா, நீங்க கரையில நிக்கறீங்கன்னே மறந்துட்டேன்.”

நானும்தான் மறந்திருந்தேன்.

பாஸ் ஆனதில் ஓனருக்குச் சந்தோஷம். “இன்னா வேணும், கேளும்மா” என்றார்.

“எல்லாரும் போனப்புறம் அரை மணி நேரம் தண்ணியில எறங்கிக்கறேங்க.”

அவர் வேறு ஏதோ எதிர்பார்த்திருக்க வேண்டும். சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார்.

“உனக்கு விட்டா எல்லா ஸ்டாஃபும் கேப்பாங்கம்மா. அது பேஜாரு. வேற கேளு.”

வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

ஒன்றை ஆசைப்படுகிறோம். அதுவே வேலையாகக் கிடைத்தால் நல்லது என்று நினைக்கிறோம். கிடைத்தும்விடுகிறது. கிடைத்த பிறகுதான் தெரிகிறது, வேலைக்கு என்று தனியாக ஒரு இடம் உண்டு. சமையல்காரர் பந்தியில் உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? எங்கள் வீட்டுக்காரர் பதினைந்து வருஷமாக ஊரையே ஏற்றி இறக்குகிறார். பின் சீட்டில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டு ஒரு நாள் போனதில்லை. இதில் வருத்தப்பட ஒன்றும் இல்லை. ஆனால் ஆசை தீர்ந்துவிட்டது என்று யாராவது சொன்னால் நம்ப மாட்டேன்.

வகுப்பு நன்றாகப் போகிறது. இப்போது பதினாலு பேர். கைப்பிடித்துப் படியேறியவர்கள் சும்மாவே ஏறுகிறார்கள். சளி பிடிக்குமா என்று கேட்ட அம்மாவும் கம்பியை விட்டுவிட்டார்.

முந்தாநாள் வியாழக்கிழமை, வட்டமாக நடக்கும் பயிற்சி. பதினாலு பேரும் ஒரே பக்கமாகச் சுற்றுவார்கள். தண்ணீரும் அவர்களோடு சுற்ற ஆரம்பிக்கும். நன்றாக வேகம் எடுத்ததும் கையைத் திருப்பிக் காட்டுவேன். எல்லோரும் எதிர்ப்பக்கம் திரும்ப வேண்டும். தாங்கள் கிளப்பிய தண்ணீரே தங்களைத் தள்ளும். தொடைக்கு நல்லது.

திரும்பினார்கள். ஒரே கூச்சல். “ஐயோ மிஸ், இழுக்குது!” ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். குளம் குலுங்கியது. ஒரு அலை விளிம்பைத் தாண்டி மேலே வந்து, என் ரப்பர் ஷூவுக்குள் புகுந்து, கணுக்கால் வரை நனைத்துவிட்டுப் போனது.

அந்தப் பயிற்சி வகுப்புக்கு ஒரு தடவைதான். அன்றைக்கு நாலு தடவை செய்ய வைத்தேன்.

அம்மாக்களே, தொடை வலித்திருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள்.