அத்தானின் திதி

இதைப் படித்துவிட்டு எனக்கு மூளை குழம்பிவிட்டது என்று சொல்லப்போகிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டாக்டரிடமும் போய்வந்துவிட்டேன். எனக்கு ஒன்றுமில்லையாம். நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

பாரிஸில், லா சப்பல் பக்கம், ரூ காய் என்ற தெருவில் ஒரு அச்சகத்தில் வேலை செய்கிறேன். கல்யாண அழைப்பிதழ், கடை விளம்பரம், கல்வெட்டு எல்லாம் அடிப்போம். கல்வெட்டு என்றால் இறந்தவருடைய வாழ்க்கை வரலாறும், இறந்த திதியைச் சொல்லும் வெண்பாவும் போட்டு, முப்பத்தோராம் நாள் சாப்பாட்டுக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கிற சின்னப் புத்தகம். இருநூறு பேருக்காவது எழுதியிருப்பேன். போன வருடம் ஐப்பசியில் என் சொந்த அத்தானுக்கே எழுத வேண்டி வந்தது.

அத்தான் தவரத்தினம், கோசலை அக்காவின் கணவர். விடியப்புறம் புறநகரான சார்செலில் முதல் ரெயில் ஏறி வந்து அலுவலகங்கள் துடைப்பார். பின்னேரம் உணவகத்தில் கோப்பை கழுவுவார். இருபத்திரண்டு வருடம் இப்படித்தான். ஆனால் ஞாயிறு என்றால் ஆளைப் பிடிக்க முடியாது. மழையோ பனியோ, அக்காவையும் மகள் லக்ஷனாவையும் காட்டுக்கு இழுத்துக்கொண்டு போய், மரத்தடியில் புட்டும் சம்பலும் சாப்பிட வைத்துத்தான் கூட்டிவருவார். வீட்டுக்குள்ளேயே இருந்தால் மனிதனுக்குப் பூஞ்சணம் பிடித்துவிடும் என்று என்னைக் கிண்டல் பண்ணுவார். அருமையான மனிதர்.

அந்த ஞாயிறு காளான் பறிக்கத் தனியாகப் போனார். திரும்பி வரவில்லை. போனும் எடுபடவில்லை. திங்கள் பின்னேரம் அக்கா அழுதழுது என்னை அனுப்பினாள்.

இனி எழுதுவதை நான் யாருக்கும் சொன்னதில்லை. காட்டோரம் கார் நிறுத்துமிடத்துக்குப் போனேன். மழை கொட்டியது. எனக்குப் புதுச் சப்பாத்து. நான் காரை விட்டு இறங்கவேயில்லை. மூன்று தடவை ஹோர்ன் அடித்தேன். மணி 5.47. ஐந்து நிமிடம் கண்ணாடிக்குள்ளால் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டேன். அந்தப் பக்கம் முழுக்கத் தேடினேன் என்று அக்காவிடம் சொன்னேன். அடுத்த நாள் பொலிசிடமும் அதையே சொன்னேன். அதனால் அவர்கள் மற்றப் பக்கம் தேடினார்கள்.

சனிக்கிழமை, காளான் பறிக்க வந்த யாரோ ஒரு வெள்ளைக்காரர் அத்தானைக் கண்டார். ஒரு பள்ளத்துக்குள் விழுந்து கிடந்திருக்கிறார். நான் கார் நிறுத்திய இடத்திலிருந்து நூற்றைம்பது மீட்டர்.

உயிர் எப்போது போனது? மருத்துவ அறிக்கை வர இரண்டு மாதமாகும் என்றார்கள். திதி தெரியாமல் கிரியை செய்ய முடியாது. விழுந்த உடனேயே போயிருப்பார், ஞாயிறு, அபரபக்கத் தசமி, அதாவது தேய்பிறைத் தசமி என்று நான்தான் அடித்துச் சொன்னேன். அது தசமியாக இருந்தே ஆக வேண்டும். ஞாயிறே செத்திருந்தால் என் பொய்யால் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. இரவும் பகலும் அதைத்தான் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தேன்.

அந்த ஞாயிறிலிருந்து எண்ணி இருபத்துமூன்றாம் நாள். திங்கட்கிழமை, அச்சகத்துக்கு விடுமுறை. நிலக்கீழ் அறையில் தனியாக இருந்து வெண்பாவைக் கணினியில் அடித்து முடித்தேன். பின்னேரம் 5.20.

தேநீர் எடுத்துக்கொண்டு வந்து பார்த்தேன். 'தசமி' இருந்த இடத்தில், மூன்று நாள் தள்ளி வருகிற 'திரயோதசி' என்று இருந்தது. வெண்பா தளை தட்டியது. தூக்கக் கலக்கத்தில் நானே பிழையாக அடித்திருப்பேன் என்று திருத்திச் சேமித்தேன்.

5.31. மறுபடியும் திரயோதசி.

படியேறிப் போய்க் கதவைப் பார்த்தேன். உள்ளே பூட்டியபடியே இருந்தது. இறங்கி வந்தபோது ஈர இலை மணந்தது. விசைப்பலகையைத் தொட்டேன். நனைந்திருந்தது...

தசமி என்று அடித்தேன். என் கண் முன்னாலேயே அழிந்தது. ஒவ்வொரு எழுத்தாக...

"அத்தான், விடுங்கோ."

கெஞ்சினேன். அழுதேன்.

5.47.

ஹோர்ன் சத்தம். சுவருக்குள்ளிருந்து.

ஒன்று...

இரண்டு...

மூன்று...

பிறகு, எங்கேயோ தூரத்தில், மூச்சு வாங்கி வாங்கி...

"மச்சான்... இஞ்சை..."

எப்படி வெளியே ஓடிவந்தேன் என்று தெரியாது. அடுத்த நாள் முதலாளியைப் பக்கத்தில் இருத்திவைத்துக்கொண்டு தசமி என்றே அச்சடித்தேன். அன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லை.

மார்கழியில் அறிக்கை வந்தது. லக்ஷனா பிரெஞ்சில் வாசித்துத் தமிழில் சொன்னாள். இடுப்பெலும்பு முறிவு. உயிர் போனது புதன்கிழமை. பஞ்சாங்கத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அக்கா பார்த்தாள். திரயோதசி.

கூடவே அத்தானின் போனையும் கொடுத்திருந்தார்கள். லக்ஷனா சார்ஜ் போட்டாள். அந்தப் பள்ளத்துக்குள் சிக்னல் கிடைக்கவில்லை போலும், வைபரில் அக்காவுக்கு ஒரு குரல் பதிவு போகாமலே கிடந்தது. திங்கள், 17.48. மழைச் சத்தம். அதற்குள் அவருடைய குரல்.

"கோசலை, பயப்பிடாதை. ஹோர்ன் கேக்குது. மச்சான் வந்திட்டான்."

அக்கா இன்னொருமுறை போடச் சொன்னாள். கேட்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"தம்பி, நீ காரை விட்டு இறங்கினனியோ?"