புவனேந்திரனின் சுட்டுவிரல்

ஊரில் இரண்டு பக்கத்துத் துவக்குக்கும் பயந்து ஓடி வந்தவன், வெளிநாட்டில், பான் நகரத்தில், ஒரு துவக்குக் கடையில் வேலைக்குச் சேர்ந்தான் என்றால் யார் நம்புவார்கள்? நானே முதலில் நம்பவில்லை. புவனேந்திரன் என் வீட்டில் ஓர் அறை எடுத்து இருந்தவன். கடையின் கீழ்த்தளத்தில் ஒரு சுடும் கூடம் இருந்தது. அங்கே சிதறிக் கிடக்கும் வெற்று ரவைக்கோதுகளைக் கூட்டி அள்ளத்தான் போனான். ஏழாவது வருடம், அதாவது 2008இல், கடைக்கு வருகிறவர்கள் முதலாளியைத் தேடவில்லை. இவனைத்தான் தேடினார்கள்.

காரணம் அவனுடைய வலது சுட்டுவிரல். போட்டிக்குச் சுடுகிறவர்கள் பிஸ்டல் வாங்குமுன் நாலைந்தைச் சுட்டுப் பார்ப்பார்கள். எது யாருடைய கைக்குப் பொருந்தும் என்று சொல்வதுதான் இவன் வேலை. வீட்டில் சோறு தின்னும்போதும் அதே கதை.

"குளொக் பாரமில்லை அண்ணை, விசை கொஞ்சம் மெத்தெண்டு வரும். சீசெட் முழு இரும்பு. பாரம்தான், ஆனா வெடிக்கேக்கை கை எகிறாது. வால்தருக்குக் கைபிடியின்ரை பின்பக்கத்தைக் கழட்டி மாத்தலாம். சின்னக் கைக்காறருக்கு அது பெரிய புண்ணியம்."

"கறியைப் பாத்துத் தின்னடா" என்பேன்.

விரலால் இழுக்கும் விசையின் பாரத்தை நிறுக்கக் கருவி இருக்கிறது. ஆனால் விசை வழுக்கிக்கொண்டு வருகிறதா, மணல் பட்டதுபோல் அரைபட்டு வருகிறதா, எந்த இடத்தில் வெடி பிறக்கிறது என்பதெல்லாம் அந்தக் கருவிக்குத் தெரியாது. அவன் விரலுக்குத் தெரிந்தது. உள்ளே இருக்கிற சின்னத் துண்டுகளை மினுக்குவான், ஸ்பிரிங்கை மாற்றுவான், ஆளுக்கு ஏற்றபடி செய்து கொடுப்பான். முதலாளி அவனுடைய கண்ணைக் கட்டிவிட்டு ஐந்து பிஸ்டல்களைக் கையில் கொடுத்து, இவன் ஒவ்வொன்றின் பெயரையும் சொல்வதை வாடிக்கையாளர்களுக்கு வேடிக்கை காட்டுவார்.

அவனுக்குச் சலரோகம், சீனி வியாதி. பத்து வருடமாகக் கவனிக்காமல் விட்ட வருத்தம். காலில் தொடங்கிய விறைப்பு அந்தக் கோடையில் கைவிரலுக்கு ஏறிவிட்டது. ஒருநாள் என் முன்னால் சுட்டுவிரலில் ஊசியால் குத்தினான். இரத்தம் வந்தது. "நோகேல்லை அண்ணை" என்றான். அவன் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

அவனுடைய மனைவி கிருசாந்தி கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் இருந்தாள். விசாவுக்கு எல்லாம் கொடுத்தாயிற்று. இவனுக்கு இங்கே நிரந்தர வேலை இருக்கிறது என்று உறுதிப்படுத்துவது ஒன்றுதான் பாக்கி. அங்கே தங்குவதற்கான அவளுடைய பொலிஸ் பதிவு மாத முடிவோடு முடிகிறது. புதுப்பிக்க முடியாது போனால் வவுனியாவுக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதற்கப்பால் சண்டை.

"முதலாளியிட்டை சொல்லட்டோ?" என்று கேட்டான்.

"உனக்கென்ன விசரே? மனுசி வந்து இறங்கட்டும். அதுமட்டும் வாயைத் திறக்காதை."

சொன்னது நான்தான். இதை எழுதும்போதும் எனக்கு என்மேல்தான் ஆத்திரம் வருகிறது.

அவன் ஏமாற்றத் தொடங்கினான். மேசையில் ரவை போடாத பிஸ்டலின் விசையை இழுத்துப் பார்க்கும்போது காதைக் கிட்டே வைத்துச் சத்தத்தைக் கேட்டுக் கணித்தான். கீழே சுடும் கூடத்துக்குப் போனால் காதுமூடி போடவேண்டும், அந்த வழியும் அடைபட்டுவிடும். பழைய பிஸ்டல்களைப் பற்றி ஞாபகத்தில் இருந்ததைச் சொன்னான். புதிதாக வந்ததற்கு வாயில் வந்ததைச் சொன்னான். இவன் செய்து கொடுத்த விசை அரைபடுகிறது என்று இரண்டு பேர் திருப்பிக் கொண்டுவந்தார்கள். முதலாளி இவனுடைய கையையே பார்த்தாராம்.

பிறகு அந்த வியாழக்கிழமை. கை சின்னதான ஒரு பெண் இரண்டு பிஸ்டல்களை ஒப்பிட்டுப் பார்க்க வந்திருந்தாள். கீழ்த்தளத்தில் கைபிடிகளை மாற்றி, ரவைக்கூடு போட்டு ஆயத்தமாக்கி, அவள் பக்கம் திரும்பினான். அதற்குச் சற்று முன்தான் அவள் கண்ணாடியை எடுக்க மேலே போயிருந்தாள். பிஸ்டல் வெடித்தது. அவள் நின்ற இடத்துக்குப் பக்கத்தில் நிலத்துச் சீமெந்து பெயர்ந்து கிடந்தது.

மத்தியானமே வீட்டுக்கு ஓடி வந்துவிட்டான்.

"விரல் வெளியிலை கிடக்கெண்டுதான் நினைச்சன் அண்ணை. விசையிலை பட்டது எனக்குத் தெரியேல்லை. சத்தியமாத் தெரியேல்லை."

"ஆரும் பாத்தவையோ?"

"இல்லை."

"அப்ப விடு."

"அந்தப் பிள்ளை இன்னும் ஒரு நிமிசம் அதிலை நிண்டிருந்தா?"

அப்போதும் "மாத முடிவுமட்டும் பொறு" என்றேன். இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. மருத்துவ லீவு எடு என்றேன், கையில் அடிபட்டது என்று பொய் சொல் என்றேன். ஒன்றையும் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் போய் முதலாளியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான்.

முதலாளி ஏசவில்லையாம். ஏசியிருந்தால் நல்லது என்று இவன் சொன்னான். விரலைத் தன் கையில் பிடித்துப் பார்த்துவிட்டு, இனித் துவக்குத் தொடவிட முடியாது என்றார். கூட்டித் துடைக்கிற வேலையாவது தாருங்கள் என்று இவன் கெஞ்சினான். அதற்கு ஆள் இருக்கிறது என்று சொல்லிக் கடைக்கதவின் திறப்பை வாங்கிக்கொண்டார்.

பின்னேரம் கிருசாந்தி போன் எடுத்தாள். கையில் பிடிக்க முடியாமல் அவன் அதை மேசையில் வைத்துச் சத்தமாகப் போட்டான்.

"இஞ்சை எல்லாம் சரியாம். உங்கை வெளிநாட்டவர் கந்தோரிலையிருந்து திங்கட்கிழமை உங்கடை முதலாளிக்குப் போன் எடுத்துக் கேப்பினமாம். வேலை இருக்கெண்டு அவர் ஒரு சொல்லுச் சொன்னாக் காணுமாம்."

அவன் சுட்டுவிரலைப் பெருவிரலால் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"கேக்குதே? அவரிட்டை இண்டைக்கே சொல்லி வையுங்கோ, என்ன?"

புவனேந்திரன் என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"ஓம். சொல்லி வைக்கிறன்."

மறுமுனையில் அவள் சிரித்தாள். அவள் சிரித்து நான் கேட்டது அன்றுதான் முதல் தடவை.